கடைசி வாங்குக்கும் எட்டும் கருவி

இணையவழிக் கற்பித்தல் பற்றிப் பேச்செடுத்தால் பெற்றோர் இரண்டு அணியாகப் பிரிந்துவிடுகிறார்கள். "போனைக் கொடுத்துத்தான் பிள்ளைகள் கெட்டுப் போகிறார்கள்" என்கிறது ஓரணி. "எல்லாம் போனிலேயே இருக்கிறது, வகுப்புக்குப் போய் என்ன படிக்கிறார்கள்?" என்கிறது மற்ற அணி. ஒவ்வொரு பெற்றோர் கூட்டத்திலும் இந்த இரண்டு குரலையும் கேட்கிறேன். இரண்டிலும் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் ஓர் ஆசிரியை கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி வேறு: இந்தக் கருவி என் வகுப்பில் மிகக் குறைந்த வசதியுள்ள பிள்ளைக்கும் எட்டுகிறதா? எட்டுமானால் அது நல்ல கருவி. எட்டாவிட்டால் எவ்வளவு நவீனமாக இருந்தாலும் அது வகுப்பை இரண்டாகப் பிரிக்கும் கருவி. இந்தக் கட்டுரையில் சில இணையக் கருவிகள் எப்படி வேலை செய்கின்றன, அவற்றை எப்படித் தெரிவு செய்யலாம், பெண்பிள்ளைகளின் விடயத்தில் எவற்றைப் பேணிக்கொள்ள வேண்டும் என்பவற்றை என் அனுபவத்திலிருந்து விளக்க விரும்புகிறேன்.

சம்பூரில் தொடங்கிய பாடம்

2020 இல் நான் சம்பூர்ப் பகுதியில் ஒரு பாடசாலையில் தமிழ் கற்பித்தேன். கொட்டியாரக்குடாவின் தென்கரையில், மூதூருக்குக் கிழக்கே உள்ள ஊர் அது. கடலும் வயலும் மாடுகளும்தான் அங்குள்ள குடும்பங்களின் சீவனோபாயம். 2006 இல் யுத்தத்தால் இடம்பெயர்ந்த சம்பூர் மக்கள் கிளிவெட்டி, பட்டித்திடல் போன்ற இடங்களின் முகாம்களில் ஏறக்குறைய பத்து வருடங்கள் இருந்தார்கள். அவர்களுடைய காணிகள் 2015 இலும் 2016 இலும் கட்டம் கட்டமாக விடுவிக்கப்பட்ட பின்னரே ஊர் திரும்பினார்கள். அதே 2006 ஆகஸ்டில் மூதூர் முஸ்லிம்களும் கந்தளாய்க்கு இடம்பெயர்ந்ததை இந்தச் சஞ்சிகையைப் படிக்கும் பெற்றோர் பலர் மறந்திருக்க மாட்டார்கள்.

ஆகவே பாடசாலை இழப்பு என்பது எங்கள் பிரதேசத்துக்குப் புதிய செய்தி அல்ல. கட்டிடம் போனாலும் ஆசிரியரும் பிள்ளைகளும் ஒன்றுகூடினால் அது பாடசாலை என்பதை முகாம் வாழ்க்கை காட்டியிருந்தது. 2020 மார்ச் 13 முதல் நாடெங்கும் பாடசாலைகள் மூடப்பட்டபோது எங்களிடமிருந்து பறிக்கப்பட்டது அந்த ஒன்றுகூடலைத்தான். அதன்பின் திறப்பதும் மூடுவதுமாக 2021 ஒக்டோபர் வரை இழுபட்டது. உலகம் முழுவதும் இதே நிலைதான். 190க்கு மேற்பட்ட நாடுகளில் ஏறத்தாழ 160 கோடி மாணவர் பாதிக்கப்பட்டதாக ஐக்கிய நாடுகள் சபை கணித்தது.

கல்வி அமைச்சின் இ-தக்சலாவ என்ற கற்றல் தளம் ஏற்கெனவே இருந்தது. தொலைக்காட்சியிலும் பாடங்கள் ஒளிபரப்பாயின. ஆனால் ஒரு பிள்ளையின் கொப்பியைப் பார்த்து, "இந்த இடத்தில் சந்தி பிழை, மகள்" என்று சொல்வதை எந்தத் தளமும் எங்களுக்காகச் செய்யாது. அதை நாங்கள்தான் செய்ய வேண்டும். முறையான பயிற்சிக்குக் காத்திருக்க நேரமும் இல்லை. தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் படிப்பித்த சக ஆசிரியையிடமும், வீட்டுப் பிள்ளைகளிடமும், ஒருவரிடம் ஒருவருமாகக் கேட்டுக் கேட்டுக் கற்றோம்.

முதல் கருவி ஒரு கொப்பி

எந்தச் செயலியைப் பாவிப்பது என்று முடிவெடுக்கு முன் ஒரு கொப்பியில் நான்கு நிரல்கள் கீறிக்கொண்டேன். வீட்டில் ஸ்மார்ட் போன் உண்டா? அது யாருடையது? எத்தனை மணிக்கு வீட்டில் இருக்கும்? சிக்னல் எங்கே கிடைக்கும்? ஒவ்வொரு வீட்டுக்கும் அழைப்பு எடுத்து இந்த நான்கையும் நிரப்பினேன்.

அந்தக் கொப்பி நிறையச் சொன்னது. இலங்கையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு வீட்டில்தான் கணினி உண்டு என்பதைத் தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களத்தின் அக்கால அளவீடுகள் காட்டின. எங்கள் வகுப்பில் கணினி என்ற பேச்சுக்கே இடமில்லை. போன் இருந்த வீடுகளிலும் அது பெரும்பாலும் தகப்பனுடையது. காலையில் அவருடன் கடலுக்கோ வயலுக்கோ போய், மாலையில்தான் அவருடன் வீடு திரும்பும். ஆண்பிள்ளையும் பெண்பிள்ளையும் உள்ள வீட்டில், அது பெரும்பாலும் முதலில் போய்ச் சேர்வது ஆண்பிள்ளையின் கையில். பாடசாலையில் இருவருக்கும் சமமாக இருந்த வாங்கு, வீட்டில் போன் வடிவத்தில் வந்தபோது சமமாக இருக்கவில்லை. சிக்னலும் அப்படித்தான். 2021 இல் ஊவாவில் பிபிலைப் பக்கத்தில் ஒரு கிராமத்துப் பிள்ளைகளும் ஆசிரியையும் சிக்னலைத் தேடிக் காட்டுக்குள் பாறை ஏறியது உலகச் செய்தியாயிற்று.

டேட்டாவின் கணக்கு

பெற்றோர் அறிந்துகொள்ள வேண்டிய எளிய கணக்கு ஒன்று உண்டு. நேரடிக் காணொளி வகுப்பில் ஒரு கைபேசிக்கு வினாடிக்கு 1 மெகாபிட் அளவில் தரவு வந்து சேர்கிறது என்று வைத்துக்கொள்வோம். 8 பிட் சேர்ந்தால் ஒரு பைட். ஒரு மணித்தியாலத்தில் 3,600 வினாடிகள். எனவே ஒரு மணித்தியால வகுப்புக்கு 450 மெகாபைட் தேவை. நாளுக்கு மூன்று பாடம் நடந்தால் 1.3 ஜீ.பீ.யைத் தாண்டும். மூன்று பிள்ளைகள் படிக்கும் வீட்டில் இந்தக் கணக்கு எங்கே போய் நிற்கும் என்பதைக் கூலிவேலை செய்யும் தகப்பனிடம் கேட்க வேண்டியதில்லை.

வட்ஸ்அப்பில் அனுப்பும் குரல் பதிவு பேச்சொலிக்கென்றே சுருக்கப்பட்டது. வினாடிக்கு ஏறத்தாழ 16 கிலோபிட் போதும். அதாவது ஒரு நிமிடத்துக்கு 120 கிலோபைட். ஐந்து நிமிட விளக்கம் 600 கிலோபைட். ஒரு மணித்தியாலக் காணொளிக்குச் செலவாகும் டேட்டாவில் அறுபது மணித்தியாலத்துக்கு மேலான குரல் பதிவுகளைக் கேட்கலாம்.

இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகு தமிழ்ப் பாடத்துக்கு எனக்குக் காணொளி தேவைப்படவில்லை. பாடநூல் பிள்ளையின் கையில் உண்டு. "பக்கம் இத்தனையை விரியுங்கள்" என்று தொடங்கும் ஐந்து நிமிடக் குரல் பதிவு, கொப்பியில் எழுதிய குறிப்பின் தெளிவான ஒரு படம், மூன்று கேள்விகள். அன்றைய பாடம் அவ்வளவுதான். கேத்திரகணிதத்துக்கோ விஞ்ஞானப் பரிசோதனைக்கோ படம் தேவைப்படலாம். அதை அந்தந்தப் பாட ஆசிரியர் தீர்மானிக்க வேண்டும். போன் இல்லாத வீடுகளுக்கு அதே பாடத்தைத் தாளில் எழுதிக் கடையில் கொடுத்துவைத்தோம். சாமான் வாங்க வரும்போது எடுத்துப் போனார்கள்.

ஒரே நேரமும் அவரவர் நேரமும்

இணையக் கருவிகள் இரு வகைப்படும். ஸூம், கூகுள் மீட் போன்றவை ஆசிரியரும் மாணவரும் ஒரே நேரத்தில் இருக்க வேண்டியவை. குரல் பதிவு, கூகுள் கிளாஸ்ரூம், யூடியூப் பாடம் போன்றவை அவரவர்க்கு வசதியான நேரத்தில் திறக்கக்கூடியவை.

ஒரே நேர வகுப்பில் முகம் பார்த்துக் கேள்வி கேட்கலாம். ஆனால் காலை ஒன்பது மணிக்கு வகுப்பு வைத்தால், போன் கடலில் இருக்கும் பிள்ளைக்கு அது இல்லாத வகுப்பு. அவரவர் நேரக் கருவி அந்தப் பிள்ளையைக் கைவிடாது. மாலையில் தகப்பன் வந்து, போன் சார்ஜ் ஏறிய பின்னும் பாடம் அங்கேயே காத்திருக்கும். 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தபோதும், பின்னர் எரிபொருள் தட்டுப்பாட்டால் பாடசாலைகள் ஒழுங்காக நடக்காதபோதும் இதன் அருமை இன்னும் விளங்கியது.

இன்னொரு நன்மையும் உண்டு. சல்மான் கான் என்பவர் 2004 இல் அமெரிக்காவில் தூரத்தில் வசித்த தன் உறவுக்காரச் சிறுமிக்குக் கணிதம் சொல்லிக்கொடுக்கத் தொடங்கி, 2006 இல் அந்தப் பாடங்களை யூடியூபில் போட்டார். அதுவே பின்னர் கான் அக்கடமியாக வளர்ந்தது. உறவுப் பிள்ளைகளுக்கு அவர் நேரில் விளக்குவதைவிடக் காணொளியே பிடித்திருந்ததாம். விளங்காத இடத்தை, யாரும் பார்க்காமல், எத்தனை தடவையும் திருப்பிக் கேட்கலாம் அல்லவா? வகுப்பில் "விளங்கவில்லை டீச்சர்" என்று சொல்லக் கூச்சப்படும் பிள்ளைகள் எங்களிடம் நிறையவே உண்டு. அவர்களுக்குத் திருப்பிக் கேட்கும் வசதி ஒரு தைரியம்.

எழுத்தும் குரலும்

தமிழ் ஆசிரியர்களுக்கு மாத்திரம் வந்த ஒரு சிக்கலையும் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் பல வருடங்களாக வினாத்தாளும் குறிப்பும் பாமினி எழுத்துருவில்தான் தட்டச்சிடப்படுகின்றன. பாமினியில் 'அ' என்று தட்டும்போது கணினி உள்ளே பதிந்துகொள்வது ஆங்கில 'எம்' எழுத்தை. அதற்கு மேல் 'அ'வின் உருவத்தைப் போர்த்திக் காட்டுவதே எழுத்துருவின் வேலை. அந்தப் போர்வை இல்லாத கைபேசிக்கு அதை அனுப்பினால், தமிழ் மறைந்து ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்த ஒன்று தெரியும். பிள்ளை போன் பழுது என்று நினைக்கும்.

யுனிகோட் எனப்படும் ஒருங்குறியில் ஒவ்வொரு மொழியின் எழுத்துக்கும் தனி எண் உண்டு. 1991 இல் வந்த அதன் முதற் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் ஒதுக்கப்பட்டது. அதில் எழுதினால் எந்தக் கைபேசியிலும் 'அ' எப்போதும் 'அ'தான். பாமினியை யுனிகோடாக மாற்றித் தரும் இலவசக் கருவிகள் இணையத்தில் உள்ளன. கணினியில் உள்ள பழைய கோப்பானால் பீ.டி.எஃப். ஆக்கி அனுப்பலாம். எழுத்துரு அதனுள்ளேயே சேர்ந்து போகும். இந்தச் சிறு விடயத்தை அறிந்துகொண்டால் பழைய குறிப்புகள் யாவும் பிள்ளைகளுக்குப் பயன்படும்.

குரல் பதிவு எதிர்பாராத ஓர் உதவியும் செய்தது. நாற்பது பேர் வகுப்பில் ஒவ்வொருவரின் ல, ள, ழ உச்சரிப்பையும் தனித்தனியே கேட்க நாற்பது நிமிடப் பாடவேளை போதாது. ஒவ்வொரு பிள்ளையும் ஒரு பந்தியை வாசித்து அனுப்பியபோது, யார் 'வாழை'யை 'வாளை' என்கிறார், யார் மூச்சு விடாமல் ஓடுகிறார் என்பதெல்லாம் தெளிவாகக் கேட்டது. வகுப்பில் வாய் திறக்காத பிள்ளைகள் சிலர் மிக அழகாக வாசிப்பதையும் அப்போதுதான் அறிந்தேன்.

கேள்விகளுக்குக் கூகுள் படிவம் நல்லது. பத்துப் பல்தேர்வு வினாக்கள் கொடுத்தால் புள்ளியை அதுவே போட்டுவிடும். எனக்குப் புள்ளியைவிட முக்கியமானது, எந்த வினாவில் அதிகமானோர் பிழைவிட்டார்கள் என்று அது காட்டும் வரைபடம். மறுநாள் எதை மீண்டும் படிப்பிக்க வேண்டும் என்பதை அது சொல்லிவிடும்.

பிள்ளையின் குரல் ஓர் அமானிதம்

இப்போது நான் நமது பெண்கள் கல்லூரியில் கற்பிக்கிறேன். இங்கே பெற்றோர் முதலில் கேட்கும் கேள்வி வேறு: "எங்கள் பிள்ளையின் நம்பரும் படமும் யார் கைக்குப் போகும்?" இது நியாயமான கேள்வி. சில வாப்பாமார் இந்தப் பயத்தினாலேயே மகளைக் குழுவில் சேர்க்க மறுத்திருக்கிறார்கள். அப்படி மறுத்தால் பாதுகாப்புக் கிடைக்கிறது, பாடம் போய்விடுகிறது. இரண்டும் கிடைக்க வழி உண்டு. பிள்ளையின் நம்பரும் குரலும் படமும் ஆசிரியையிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம் என்று எடுத்துக்கொண்டால், செய்ய வேண்டியவை தாமாகவே விளங்கும்.

வட்ஸ்அப் குழுவில் சேர்ந்தால் எல்லா அங்கத்தவரின் நம்பரும் எல்லாருக்கும் தெரியும். ஆசிரியை அறிவித்தல் பட்டியல் ஒன்றை அமைத்து அனுப்பினால், ஒருவரின் நம்பர் மற்றவருக்குத் தெரியாது. ஆசிரியையின் நம்பரைத் தங்கள் போனில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கே அது போய்ச் சேரும் என்பதை மாத்திரம் நினைவில் கொள்ள வேண்டும். குழுதான் வேண்டும் என்றால், வாப்பா அல்லது உம்மாவின் நம்பரைச் சேர்த்து, நிருவாகி மாத்திரம் செய்தி அனுப்பும்படி அமைக்கலாம். வாசிப்புப் பதிவைப் பிள்ளை குழுவில் போடாமல் ஆசிரியைக்கு மாத்திரம் அனுப்ப வேண்டும். திருத்திய பின் ஆசிரியை அதை அழித்துவிட வேண்டும். முகப்புப் படத்தைத் தொடர்பில் உள்ளவர்கள் மாத்திரம் பார்க்கும்படி வைப்பதும் ஒரு நிமிட வேலை.

ஸூம் வகுப்பில் அந்நியர் புகுந்து குழப்பம் செய்த சம்பவங்கள் உலகின் பல இடங்களில் நடந்ததால், 2020 ஏப்ரலில் அந்நிறுவனம் கடவுச்சொல்லையும் காத்திருப்பு அறையையும் இயல்பான அமைப்பாக்கியது. காத்திருப்பு அறையில் நிற்பவரை ஆசிரியை பெயர் பார்த்து உள்ளே எடுக்கலாம். பிள்ளை கமராவை மூடி வைத்திருக்கலாம். வரவை அறிய முகம் தேவையில்லை. ஒரு கேள்விக்குப் பதில் போதும். போனுக்கு வரும் ஆறு இலக்கச் சரிபார்ப்பு எண்ணை எவர் கேட்டாலும், ஆசிரியை பெயரில் கேட்டாலும், கொடுக்கவே கூடாது. அதைக் கொடுத்தால் உங்கள் வட்ஸ்அப் கணக்கே அடுத்தவர் கைக்குப் போய்விடும்.

இன்று எதற்காக?

பாடசாலைகள் திறந்துவிட்டன. இனி இந்தக் கருவிகள் எதற்கு என்று கேட்கலாம். யுனெஸ்கோ 2023 இல் வெளியிட்ட உலகக் கல்விக் கண்காணிப்பு அறிக்கை தொழினுட்பத்தைப் பற்றியே பேசியது. ஆசிரியரோடு நேருக்கு நேர் இருந்து கற்பதற்குத் தொழினுட்பம் துணை நிற்கலாம், அதன் இடத்தைப் பிடிக்கக் கூடாது என்பது அதன் சாரம். என் அனுபவமும் அதுவே. வகுப்பில் என் கண் முன்னால் இருக்கும் பிள்ளைக்குக் குரல் பதிவு தேவையில்லை. காய்ச்சலில் கிடக்கும் பிள்ளைக்கு, வெள்ளத்தில் பாதை மூடப்பட்ட பிள்ளைக்கு, சின்னத் தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நின்றுவிட்ட பிள்ளைக்குத் தேவை. அன்றைய பாடத்தின் ஐந்து நிமிடச் சுருக்கம் மாலையில் போய்ச் சேர்ந்தால், அடுத்த நாள் அவள் வகுப்புக்குத் தயங்காமல் வருவாள். விடுபட்ட பாடங்கள் சேரச் சேரத்தான் "இனிப் போய் என்ன செய்ய" என்ற எண்ணம் பிள்ளைகளுக்கு வருகிறது. பெண்பிள்ளைகள் இடைவிலகும் பாதை பல தடவை அங்கேதான் தொடங்குகிறது.

மாணவிகளுக்குச் சொல்வேன்: இலவசமாகக் கிடைப்பவற்றைப் பயன்படுத்துங்கள். பாடநூல்களைக் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தளத்திலிருந்து பதிவிறக்கலாம். இ-தக்சலாவவில் பாடங்களும் பயிற்சிகளும் உள்ளன. 2005 இல் தொடங்கிய நூலகம் என்ற எண்ணிம நூலகத்தில் ஈழத்து நூல்களும் பழைய சஞ்சிகைகளும் பல்லாயிரக் கணக்கில் உண்டு. நமது மூதூரில் பிறந்து, ஆசிரியராகவே பணிபுரிந்து, 'தோணி' சிறுகதைத் தொகுதியைத் தந்த வ. அ. இராசரத்தினத்தைத் தேடிப் படியுங்கள். உங்கள் ஊரின் மண்ணும் கடலும் இலக்கியமானதை அங்கே காண்பீர்கள். வாசித்ததைப் பற்றிச் சொந்த வசனத்தில் எழுதுங்கள். வெட்டி ஒட்டியதை ஆசிரியை கண்டுபிடிப்பாரோ மாட்டாரோ, பரீட்சை மண்டபத்தில் பேனை மாத்திரம்தான் உங்களோடு வரும்.

பெற்றோரிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். திருக்குர்ஆனில் முதலில் இறங்கிய வசனங்கள் ஓதுதலையும் எழுதுகோலையும் பேசுகின்றன. எழுதுகோலும் ஒரு காலத்தில் எல்லார் கைக்கும் எட்டாத கருவியாகவே இருந்தது. இன்று போன் அப்படி இருக்கிறது. மஃரிபுக்குப் பின் ஒரு மணித்தியாலம், வீட்டு மண்டபத்தில், உங்கள் கண் முன்னால், மகளின் படிப்புக்கு என்று அதை ஒதுக்கிக் கொடுங்கள். மகனுக்கு ஒரு மணித்தியாலம் என்றால் மகளுக்கும் ஒரு மணித்தியாலம். அவள் என்ன படிக்கிறாள் என்று பக்கத்தில் இருந்து கேளுங்கள். சந்தேகம் வந்தால் போனைப் பறித்து வைக்கு முன் வகுப்பாசிரியைக்கு ஓர் அழைப்பு எடுங்கள். உங்கள் வீட்டில் போன் இல்லாவிட்டால் அதையும் கூச்சமின்றிச் சொல்லுங்கள். அந்தப் பிள்ளைக்கு எந்த வழியில் பாடத்தைச் சேர்ப்பது என்பதை நாங்கள் பார்த்துக்கொள்வோம், இன்ஷா அல்லாஹ்.